கிழிந்த மேலங்கியும் எரியாத சுள்ளிகளும்

ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் 14 வாரங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த என் மந்திரவாதி, மேலங்கியில் விழுந்த ஒரு கிழிசலைச் சரிசெய்ய வழியில்லாமலும், காலடியில் கிடந்த காய்ந்த சுள்ளிகளைப் பற்றவைக்க வழியில்லாமலும் ஒரே இரவில் குளிரில் விறைத்து இறந்துபோனான். வாரத்துக்கு ஓர் அமர்வு, ஓர் அமர்வுக்கு மூன்றரை மணி நேரம் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 50 மணி நேரம் அவனோடு கழிந்திருக்கிறது. அவனுடைய இளமைக்கால வரலாற்றை எழுதி நிரப்பிய குறிப்பேடு ஒன்று, இரண்டு வார இறுதிகளைச் செலவழித்து வண்ணம் தீட்டிய சிறு உருவம் ஒன்று ஆகியவை அந்தக் கணக்கில் சேரவில்லை. பாத்திரத்தை உருவாக்கிய முதல் நாளன்று யாராவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து எனக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. அந்த ஐந்து நிமிடப் பேச்சு புதிதாக மந்திரவாதி ஆடப்போகும் வேறொருவருக்காவது கிடைக்கட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் ஆடியது 2014ஆம் ஆண்டு வெளியான ஐந்தாம் பதிப்பின் விதிகளின்படி. அதில் விசார்ட் என்னும் மந்திரவாதி வகுப்பைத் தேர்ந்தெடுப்பவருக்குத் தொடக்கத்தில் மூன்று கேன்ட்ரிப்கள் கிடைக்கும். கேன்ட்ரிப் என்பது ஸ்பெல் ஸ்லாட் எதையும், அதாவது பெரிய மந்திரங்களுக்கென்று எண்ணித் தரப்படும் வாய்ப்பு எதையும், செலவழிக்காமல் எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய சின்ன மந்திரம். நான்காம் லெவலில்தான் நான்காவது கேன்ட்ரிப் சேரும், பத்தாம் லெவலில் ஐந்தாவது. அதாவது, ஆட்டத்தின் முதல் சில மாதங்கள் முழுவதையும் அந்த மூன்றை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும். குழுவில் மற்ற மூவரும் பல ஆண்டுகளாக ஆடியவர்கள், நான் மட்டுமே புதியவன். என்ன எடுக்கலாம் என்று கேட்டபோது, உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள் என்று அன்போடு சொன்னார்கள். எனக்குப் பிடித்தது சண்டைதான். பல அரக்கர்களை நெருப்பு பாதிக்காது என்று எங்கோ படித்திருந்ததால் நெருப்பைத் தவிர்த்துவிட்டு, உறைபனிக் கதிரான ரே ஆஃப் ஃப்ராஸ்ட், மின்னதிர்ச்சி தரும் ஷாக்கிங் கிராஸ்ப், அமிலத்தை வீசும் ஆசிட் ஸ்பிளாஷ் ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டேன். பட்டியலில் பிரெஸ்டிடிஜிடேஷன், மெண்டிங் ஆகியவற்றையும் பார்த்தேன். ஒன்று பொருள்களைச் சுத்தம் செய்யும், சூடாக்கும். இன்னொன்று உடைந்ததை ஒட்டும். வீட்டு வேலைக்கு எதற்கு ஒரு மந்திரவாதி என்று நினைத்து இரண்டையும் கடந்துபோனேன். மூன்றாம் லெவலுக்கு வந்தபோது மந்திரப் புத்தகத்தில் பத்து மந்திரங்கள் இருந்தன. அவற்றில் எதுவும் வழிப்பயணத்துக்கு உதவாது, எதுவும் நெருப்பைத் தராது.

இறந்த பிறகு என் குறிப்புகளைப் புரட்டி, எந்தக் கேன்ட்ரிப்பை எத்தனை முறை பயன்படுத்தினேன் என்று எண்ணிப் பார்த்தேன். உறைபனிக் கதிர் 41 முறை, மின்னதிர்ச்சி மூன்று முறை, அமிலம் இரண்டே முறை. காரணம் எளிது. ஒரு சுற்றில் ஒரு தாக்குதல் மந்திரத்தைத்தான் போட முடியும். கையில் மூன்று இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றையே திரும்பத் திரும்பப் போடுவோம். எதிரி நெருங்கி நிற்கும்போதும், உறைபனி எடுபடாத எதிரி வரும்போதும் இன்னொன்று தேவைப்படும் என்பது உண்மைதான், ஆனால் அந்த நிலைமை 14 அமர்வுகளில் எனக்கு ஐந்து முறைதான் வந்தது. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: மூன்று இடங்களில் இரண்டாவது தாக்குதல் கேன்ட்ரிப்புக்கு ஓரளவு நியாயம் உண்டு, மூன்றாவதற்கு அனேகமாக இல்லை.

கதையில் எங்கள் நால்வரின் வேலை, பனி மூடிய ஒரு மலைக்கணவாயைக் கடந்து மறுபக்கத்துக் கோட்டைக்கு ஒரு முத்திரைக் கடிதத்தைக் கொண்டுசேர்ப்பது. கடுங்குளிருக்கான விதியை, கதையை நடத்தித் தீர்ப்பும் சொல்லும் ஆட்ட நடத்துநர் முன்கூட்டியே விளக்கியிருந்தார். வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி ஃபாரன்ஹீட்டிலோ அதற்குக் கீழோ, அதாவது சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருந்தால், ஒவ்வொரு மணி நேரத்தின் முடிவிலும் உடல்வலுவுக்கான கான்ஸ்டிடியூஷன் சேவ், அதாவது ஆபத்தைத் தாங்குகிறோமா என்று பார்க்கும் இருபது முகப் பகடை, உருட்ட வேண்டும். இலக்கு எண் 10. தவறினால் களைப்பு ஒரு நிலை ஏறும். குளிருக்கேற்ற தடித்த உடை அணிந்திருப்பவர்கள் உருட்டவே வேண்டியதில்லை. நால்வரும் தோல் மேலங்கி வாங்கிக்கொண்டதால் அந்த விதியை அத்தோடு மறந்துவிட்டோம்.

இரண்டாம் நாள் மாலை ஓநாய்க் கூட்டம் ஒன்று எங்களைச் சூழ்ந்தது. என்னிடமிருந்த ஸ்லாட்டுகள் அனைத்தையும் அந்தச் சண்டையில் கொட்டித் தீர்த்தேன். வென்றோம். ஆனால் ஒரு கடியின்போது நடத்துநர், ஓநாயின் பல் உங்கள் மேலங்கியைத் தோளிலிருந்து கிழித்துவிட்டது, இனி அது குளிரைத் தடுக்காது என்று சொன்னார். அதை நான் வருணனையாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஹிட் பாயின்ட் எனும் உயிர்நிலைப் புள்ளி எத்தனை குறைந்தது என்பதில்தான் என் கவனம் இருந்தது. இந்த இடத்தில் நின்று ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டத்தை நடத்துபவர் ஒரு பொருளின் நிலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால், உடை கிழிந்தது, கயிறு நைந்தது, விளக்கின் கண்ணாடி விரிசல் விட்டது என்று எதுவானாலும், அதை உடனே எழுதிக்கொண்டு, இதை எப்படிச் சரிசெய்வது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். அப்போது எங்களோடு ஒரு கோவேறு கழுதை இருந்தது, அதன் முதுகில் ஊசியும் நூலும் இருந்தன. கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் தைத்திருக்கலாம்.

அடுத்த திருப்பத்தில் பனிச்சரிவு வந்தது. மற்ற மூவரும் கழுதையும் ஒரு பக்கம், நான் மட்டும் மறுபக்கம். சிக்கிமுக்கிக் கல்லும் இரும்பும் இருந்த பெட்டி கழுதையின் சுமையில் போய்விட்டது. அவர்கள் சுற்றுவழியாக என்னை அடைய மறுநாள் காலை ஆகும் என்று நடத்துநர் சொல்லி, அன்றைய அமர்வை முடித்தார். அந்த இரவை என்னோடு மட்டும் தனியாக ஆடலாம் என்று இன்னொரு நாளைக் குறித்தார். அந்த நாளுக்காக நான் ஆவலோடு காத்திருந்தேன், தனியாக ஒரு சாகசம் கிடைக்கப்போகிறது என்று.

குகை ஒன்று கிடைத்தது. உள்ளே காற்று அடங்கியிருந்தது, யாரோ எப்போதோ விட்டுச்சென்ற காய்ந்த சுள்ளிக்கட்டு ஒன்றும் மூலையில் இருந்தது. தீ மூட்டுகிறேன் என்றேன். எதைக்கொண்டு என்று கேட்டார் நடத்துநர். பாத்திரத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தேன். உறைபனி, மின்சாரம், அமிலம். மின்னதிர்ச்சியால் சுள்ளியைப் பற்றவைக்க முடியுமா என்று கேட்டேன். அந்த மந்திரம் உயிருள்ளவற்றைத் தாக்குவதற்கானது, பொருள்களைப் பற்றவைக்கும் என்று அதில் எழுதவில்லை என்றார். கட்டையோடு கட்டை உரசிப் பார்த்தேன், இலக்கு எண்ணை எட்டவில்லை. வெளியே பனிப்புயல், ஒன்பது மணி நேர இருட்டு.

மணிக்கொரு பகடை. என் மந்திரவாதியின் கான்ஸ்டிடியூஷன் வெறும் 10, கூட்டிக்கொள்ள எதுவும் இல்லை. முதல் மணி 12, தப்பித்தேன். இரண்டாம் மணி 7. மூன்றாம் மணி 4. நான்காம் மணி 15. ஐந்தாம் மணி 9, ஒரே ஒரு எண் குறைவு. அத்தோடு களைப்பு மூன்றாம் நிலைக்கு வந்தது. 2014 விதிகளின்படி முதல் நிலையில் திறன் சோதனைகளெல்லாம் பின்னடைவோடு, அதாவது இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்கும் விதத்தில் நடக்கும். இரண்டாம் நிலையில் நடை வேகம் பாதியாகும். மூன்றாம் நிலையில் தாக்குதல் வீச்சுகளுக்கும் சேவ்களுக்கும்கூட அந்தப் பின்னடைவு வந்துவிடும். குளிரைத் தாங்க உருட்டும் சேவும் அதில் அடக்கம். இருபது முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ 55 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இரண்டு பகடையிலும் அப்படி விழுவதற்கான வாய்ப்பு 30 விழுக்காடுதான். குளிர் களைப்பைத் தருகிறது, களைப்பு குளிரைத் தாங்கும் சக்தியைக் குறைக்கிறது. இந்தச் சுழல் விதிப்புத்தகத்தில் எங்கும் தனியாக எச்சரிக்கப்படவில்லை, இரண்டு தனித்தனி விதிகள் சேரும்போது தானாக உருவாகிறது. ஆறாம் மணி 14ம் 6ம். உயிர்நிலைப் புள்ளிகளின் உச்சவரம்பு பாதியானது. ஏழாம் மணி 11ம் 16ம், ஒருமுறை மூச்சு விட்டேன். எட்டாம் மணி 13ம் 3ம். வேகம் பூஜ்ஜியம், இனி குகையைவிட்டு நகரவும் முடியாது. ஒன்பதாம் மணிக்கு முதல் பகடையில் 18 விழுந்தது. இரண்டாவது பகடை மேசையின் விளிம்புவரை உருண்டுபோய் 8இல் நின்றது. ஆறாம் நிலை என்பது மரணம்.

நடத்துநர் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, விடியத் தொடங்கிவிட்டது என்று மட்டும் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு விளையாட்டுக்காக இப்படி உடைந்துபோவதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. டிராகனோடு மோதி இறந்திருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு எதிரிகூட இல்லாத குகையில், ஒரு முடிவும் எடுக்க முடியாமல், பகடையை மட்டும் உருட்டி உருட்டிச் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் என்னை வாட்டியது. இரண்டு வாரம் ஆட்டத்துக்கே போகவில்லை.

அந்த இரண்டு வாரத்தில்தான் ஒதுக்கி வைத்த பக்கங்களைப் பொறுமையாகப் படித்தேன். மெண்டிங், ஒரு பொருளிலுள்ள ஒற்றை முறிவையோ கிழிசலையோ, எந்தப் பக்கமும் ஓர் அடிக்கு மிகாமல் இருந்தால், ஒரே நிமிடத்தில் தடம் தெரியாமல் சரிசெய்யும். பிரெஸ்டிடிஜிடேஷன் ஒரு மெழுகுவர்த்தியையோ தீப்பந்தத்தையோ சிறிய முகாம் தீயையோ நொடியில் மூட்டும். கேன்ட்ரிப்களைத் தாண்டியும் ஒன்று இருந்தது. அன்சீன் சர்வன்ட் என்ற முதல் லெவல் மந்திரம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பணியாளை ஒரு மணி நேரத்துக்கு வரவழைக்கும். அது செய்யக்கூடிய வேலைகளுக்கு எடுத்துக்காட்டாகத் துணி தைப்பதையும் தீ மூட்டுவதையும் விதிப்புத்தகமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதைச் சடங்கு முறையில் போட்டால் பத்து நிமிடம் கூடுதலாகும், ஸ்லாட் செலவாகாது. புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாலே விசார்டுக்குப் போதும், அன்று காலை தயார்செய்திருக்க வேண்டிய தேவைகூட இல்லை. கேட்கும் பொருள் கொஞ்சம் நூலும் ஒரு துண்டு மரமும். பிறகு நடத்துநரிடம் நேராகவே கேட்டேன், குகையில் தீ எரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. அன்றிரவு சேவே உருட்டச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார். அது விதிப்புத்தகத்தின் வரி அன்று, அவருடைய தீர்ப்பு. பெரும்பாலான நடத்துநர்கள் அப்படித்தான் தீர்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

இதிலிருந்து எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். சௌகரியம் தரும் சின்ன மந்திரங்கள் சண்டை மந்திரங்களுக்குப் போட்டியாக நிற்பவை என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அவைதாம் சண்டை மந்திரங்களைக் காப்பாற்றுகின்றன. மூன்றாம் நிலைக் களைப்பில் என் உறைபனிக் கதிரையும் இரண்டு பகடையில் குறைந்ததை வைத்துத்தான் வீச வேண்டியிருந்திருக்கும். ஸ்லாட்டுகள் திரும்புவதற்கு நீண்ட ஓய்வு வேண்டும், அந்த ஓய்வுக்கு உயிரோடு இரவைக் கடத்த வேண்டும். அதுவும், ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும் ஒரு நிலைக் களைப்பை இறக்க ஒரு முழு நீண்ட ஓய்வு தேவை, அதற்கும் சாப்பாடும் தண்ணீரும் உள்ளே போயிருக்க வேண்டும்.

பிரெஸ்டிடிஜிடேஷனை எடுப்பவர்கள் அதன் எல்லைகளையும் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும், இல்லையேல் மேசையில் வாக்குவாதம்தான் மிஞ்சும். உயிரற்ற பொருளை மட்டுமே அது சூடாக்கும் அல்லது குளிர்விக்கும், மனித உடலைச் சூடாக்காது. அளவு ஒரு கன அடி, நேரம் ஒரு மணி, தூரம் பத்து அடி. நீடிக்கும் விளைவுகளில் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சொல்லும் கையசைவும் தேவைப்படுவதால், விருந்தில் யாருக்கும் தெரியாமல் ஒருவரின் உணவின் சுவையை மாற்றிவிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள். ஈரத்துணியை உலர்த்துமா, இரத்தவாடையைப் போக்கி வேட்டை நாய்களைத் தடம் தவறச் செய்யுமா போன்ற கேள்விகளுக்குப் புத்தகத்தில் நேரடி விடை இல்லை. ஆபத்து வருவதற்கு முன்பே, அமைதியான ஒரு நேரத்தில் நடத்துநரிடம் இவற்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உயிர் ஊசலாடும்போது கேட்டால், நல்ல நடத்துநருக்கும் அது சலுகை கேட்பதைப் போலத்தான் தோன்றும்.

இதைவிட முக்கியமானது குழுவாகப் பேசிக்கொள்வது. என் மரணத்துக்குப் பிறகு மற்ற மூவரும் சொன்னதைக் கேட்டு அதிர்ந்துபோனேன். பூசாரி வகுப்பான கிளெரிக் ஆடிய நண்பர், தீயும் தையலும் விசார்ட் பார்த்துக்கொள்வார் என்று எண்ணி இருந்திருக்கிறார். போர்வீரன் வகுப்பான ஃபைட்டர் ஆடியவர், கிளெரிக்கிடம் இருக்கும் என்று எண்ணியிருக்கிறார். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன் நடக்கும் முதல் சந்திப்பில் பாத்திரங்களின் பூர்வகதையை மணிக்கணக்கில் பேசுகிறோம். தீ யார் மூட்டுவது, கெட்டுப்போன உணவை யார் சரிசெய்வது, இருட்டில் வெளிச்சம் யாருடையது, கிழிந்ததை யார் ஒட்டுவது, தனியாகச் சிக்கிக்கொண்டால் ஒவ்வொருவரிடமும் என்ன இருக்கும் என்று பத்து நிமிடம் பேசினால் போதும். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். குழுவுக்கு ஒரு சிக்கிமுக்கிப் பெட்டி இருப்பது வேறு, ஆளுக்கொன்று இடுப்பில் இருப்பது வேறு.

இந்தச் சின்ன மந்திரங்களின் பழைய வரலாறும் எனக்கு ஆறுதலாக இருந்தது. 1974இல் வெளியான இந்த ஆட்டத்துக்கு 1985இல் வந்த ஒரு துணை விதிநூலில் கேன்ட்ரிப்கள் இடம்பெற்றபோது, அவற்றில் பல உலர்த்துவது, தூசி தட்டுவது, தைப்பது, சூடாக்குவது, இனிப்பூட்டுவது போன்ற அன்றாட வேலைகள்தாம். ஒரு முதல் லெவல் மந்திரத்தின் இடத்தில் நான்கு கேன்ட்ரிப்களை மனத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்பது அப்போதைய விதி. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் ரே ஆஃப் ஃப்ராஸ்ட் வழக்கமாக மூன்று புள்ளிகளுக்கு மேல் சேதம் செய்யாது. 2014இல் அதுவே முதல் லெவலிலேயே எட்டு முகப் பகடை அளவுக்கு வலுத்தது. தாக்குதல் கேன்ட்ரிப்கள் இப்படி வலுத்த பிறகு ஆட்டத்துக்கு வந்த என்னைப் போன்றவர்கள், கேன்ட்ரிப் என்றாலே ஆயுதம் என்று எண்ணுவது இயல்புதான்.

மூன்றாவது வாரம் புதிய மந்திரவாதியோடு திரும்பினேன். இம்முறை நெருப்பை எய்யும் ஃபயர் போல்ட், மெண்டிங், பிரெஸ்டிடிஜிடேஷன். சண்டையில் எந்தக் குறையும் தெரியவில்லை, முன்பும் ஒரே கேன்ட்ரிப்பைத்தானே வீசிக்கொண்டிருந்தேன். சண்டை இல்லாத நேரங்கள்தாம் மாறிப்போயின. எல்லைக்காவலில் பிடிபட்ட இளம் ஒற்றன் ஒருவன் வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் மிரட்டிப் பார்த்து ஓய்ந்த பிறகு, அவன் முன்னால் ஆறிக்கிடந்த கஞ்சிக் கிண்ணத்தைச் சூடாக்கி, அவன் ஊரில் எந்த வாசனை பிடிக்கும் என்று கேட்டேன். நடத்துநர் பகடையைக் கீழே வைத்துவிட்டு, அவன் அழுகிறான் என்றார். சேதக் கணக்கில் இந்தக் காட்சிக்கு மதிப்பே கிடையாது. எங்கள் குழுவில் இன்றும் எல்லோரும் பேசுவது அதைத்தான்.

எல்லா ஆட்டத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அறைக்கு அறை சண்டை மட்டுமே நடக்கும் நிலவறை ஆட்டமாக இருந்தால், பசியையும் குளிரையும் நடத்துநர் கணக்கிலேயே எடுக்காதவராக இருந்தால், இத்தகைய மந்திரம் ஒன்று போதும். மறுபக்கம், ஐந்தாம் லெவலில் கிடைக்கும் டைனி ஹட் என்ற மந்திரம் பத்து அடி ஆரத்தில் எட்டு மணி நேரத்துக்கு வெதுவெதுப்பான, உலர்ந்த குடிலைத் தந்துவிடும். குட்பெர்ரி என்ற முதல் லெவல் மந்திரத்தில் வரும் ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் உணவு. பயணக் கஷ்டத்தையே மையமாக வைத்த ஆட்டத்தில் இவை கஷ்டத்தையே துடைத்துவிடலாம் என்பதால், எடுப்பதற்கு முன் நடத்துநரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. 2024 விதிகளில் ஆடுபவர்களுக்கு நிலைமை கொஞ்சம் இளகியிருக்கிறது. விசார்ட் ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்குப் பிறகும் ஒரு கேன்ட்ரிப்பை மாற்றிக்கொள்ளலாம், ஆகவே மலையேறும் முதல்நாள் இரவே ஆயுதத்தை வைத்துவிட்டு ஊசியை எடுத்துக்கொள்ளலாம். களைப்பும் அங்கே வேறுவிதம், ஒவ்வொரு நிலைக்கும் இருபது முகப் பகடை வீச்சுகளில் இரண்டு கழியும், வேகம் ஐந்து அடி குறையும். ஆறாம் நிலையில் மரணம் என்பது மட்டும் மாறவில்லை.

சில அமர்வுகளுக்குப் பிறகு திரும்பும் வழியில் குழு அந்தக் குகைக்குப் போனது. பழைய மந்திரவாதியின் உடல் சுள்ளிக்கட்டின் பக்கத்திலேயே இருந்தது. மேலங்கியின் கிழிசல் எவ்வளவு நீளம் என்று கேட்டேன். நடத்துநர் தன் பழைய குறிப்புகளைத் தேடி எடுத்துப் பார்த்து, ஒன்பது அங்குலம் என்றார். என் புதிய மந்திரவாதி மெண்டிங்குக்குத் தேவையான இரண்டு காந்தக்கற்களைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தான். மந்திரத்துக்கு ஒரு நிமிடம் ஆகும் என்பதால் மேசையைச் சுற்றி இருந்த ஐந்து பேரும் உண்மையாகவே ஒரு நிமிடம் பேசாமல் இருந்தோம். அந்த மேலங்கியை இப்போது எங்கள் குழுவின் நான்காமவரான, திருடன் வகுப்பைச் சேர்ந்த ரோக் போட்டிருக்கிறார், அவருடையது ஆற்றைக் கடக்கும்போது போய்விட்டது.